கடல்நீர் ஐதரசன்: அனோட்டை அரிக்கவிடாமல் காப்பது எப்படி?

தலவாக்கலையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கடல்நீரில் இருந்து ஐதரசன் எடுப்பதுதான் எங்கள் பாடசாலைச் செயற்றிட்டம் சேர். கடல்நீருக்கு வழி இல்லாததால் ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் கறியுப்பைக் கரைத்துக்கொண்டோம். 12 வோல்ற்று பற்றரியில் இரண்டு எவர்சில்வர் கரண்டிகளை மாட்டினோம். ஐதரசன் வருகிறது. ஆனால் நேர்முனையில் இருந்த கரண்டி கொஞ்ச நேரத்திலேயே அரிபட்டுப் போய், தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிவிட்டது. பழைய டோர்ச் பற்றரியின் கரிக்கோலைப் போட்டால் கறுப்புத் தூள் கொட்டுகிறது. எந்த உலோகத்தைப் போட்டால் அரிக்காது?"

தம்பி, பதிலுக்கு முன் ஒரு அவசர விடயம். அந்தக் கலங்கிய தண்ணீரைக் கானில் ஊற்றிவிடாதீர்கள். நல்ல எவர்சில்வரில் நூற்றுக்கு 18 பங்கு அளவுக்குக் குரோமியம் இருக்கும். அனோட்டாக, அதாவது நேர்முனையாக, வைத்துக் கரைக்கும்போது அதில் ஒரு பகுதி ஆறு வலுவளவுக் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. நம் ஊரில் மேல் லயத்துக் கான் தண்ணீர்தான் கீழே யாரோ குடிக்கும் ஓடையில் போய்ச் சேர்கிறது. தண்ணீரை ஒரு போத்தலில் மூடி வைத்து உங்கள் இரசாயனவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். பெரசு சல்பேற்றுச் சேர்த்தால் அந்தக் குரோமியம் மூன்று வலுவளவுக்கு இறங்கும். பிறகு சுண்ணாம்பால் காரமாக்கி வீழ்படிவாகப் பிரித்துவிடலாம். உங்கள் மூக்கில் ஏறியிருக்கக்கூடிய பிளீச்சிங் பவுடர் வாசனை குளோரீனுடையது. மூடிய அறையில் இந்தப் பரிசோதனையை இனிச் செய்ய வேண்டாம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். "எந்த உலோகம்?" என்று தேடினால் விடை கிடைக்காது. கடல்நீரில் அனோட்டாக நிற்கும் எந்த உலோகத்தையும் காப்பாற்றுவது அதன் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம்தான். அந்தப் படலத்தை உடைப்பது குளோரைட்டு அயன். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: குளோரைட்டைப் படலத்திடம் நெருங்கவிடாமல் எப்படித் தடுப்பது? ஆராய்ச்சிக்கூடங்களில் இதுவரை வெற்றி கண்ட வழிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கான விடைகளே.

உங்கள் கரண்டிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். எதிர்முனைக் கரண்டி, அதாவது கதோட்டு, பளபளப்பாகவே இருந்திருக்கும். பற்றரி அதற்கு இலத்திரன்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இலத்திரனை இழந்தால்தானே உலோகம் அயனாகிக் கரையும். அனோட்டில் கதை தலைகீழ். அங்கே இலத்திரன்களை யாராவது கொடுத்தாக வேண்டும். தண்ணீர் கொடுத்தால் ஒட்சிசன் வரும். குளோரைட்டு கொடுத்தால் குளோரீன் வரும். இரும்பு கொடுத்தால் கரண்டி கரையும். மூன்றிலும் இரும்புதான் மிகச் சுலபமாகக் கொடுப்பது. 1 அம்பியர் மின்னோட்டம் 1 மணித்தியாலம் ஓடி, அது முழுவதும் இரும்பைக் கரைப்பதற்கே போனால், பரடேயின் விதிப்படி ஏறத்தாழ 1.04 கிராம் இரும்பு கரையும். அதே மின்னோட்டம் எதிர்ப்பக்கத்தில் தரும் ஐதரசன் 0.038 கிராம்தான். கரண்டி காணாமல் போனதில் வியப்பில்லை.

"எவர்சில்வர் கறைபடாத உருக்காச்சே?" என்று கேட்பீர்கள். கறைபடாமல் காப்பது அதன் மேல் தானாகவே உருவாகும், சில நனோமீற்றர் தடிப்பே உள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படலம். சோறு சமைக்க அது போதும். குளோரைட்டு நிறைந்த நீரில் நேர்முனையாக வைத்தால், படலத்தில் எங்காவது பலவீனமான ஒரு புள்ளியில் குளோரைட்டு புகுந்துவிடும். அங்கே வெளிவரும் உலோக அயன்கள் நீரோடு தாக்கமுற்று அமிலத்தை உண்டாக்கும். குழிக்குள் கூடும் நேரேற்றத்தைச் சமப்படுத்த வெளியிலிருந்து இன்னும் குளோரைட்டு உள்ளே இழுக்கப்படும். அமிலமும் குளோரைட்டும் சேர்ந்தால் படலம் மறுபடி உருவாக முடியாது. குழி தன்னைத்தானே ஆழமாக்கிக்கொண்டு போகும். தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு நினைவிருக்கிறதா? வெளியே குண்டூசி முனையளவு ஓட்டை. கொப்பை ஒடித்துப் பார்த்தால் உள்ளே சுரங்கம். குழியரிப்பும் அப்படித்தான். ஒரு கைவில்லையை வைத்து உங்கள் கரண்டியைப் பாருங்கள்: நடுப்பகுதி ஓரளவு முழுதாக இருக்கும், விளிம்பிலும் நீர்மட்டக் கோட்டிலும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஊசியால் குத்தினால் முனை உள்ளே இறங்கும்.

கரிக்கோலுக்கு வந்தது வேறு நோய். காபனைக் குளோரைட்டு குழி தோண்டாது. ஆனால் அனோட்டில் உருவாகும் ஒட்சிசன் காபனையே தாக்கிக் காபனீரொட்சைட்டாக மாற்றுகிறது. இடையில் இருந்த பிணைப்பு இளகி, மீதி துகளாக உதிர்கிறது. குளோரீன் தயாரிக்கும் தொழிற்சாலைகளும் முன்பு காரீய (கிரபைற்று) அனோட்டுகளைத்தான் பயன்படுத்தின. தேயத் தேய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1960களின் நடுவில் ஹென்றி பியர் என்பவர் தைத்தேனியத் தகட்டின் மேல் உருத்தேனியம் ஒட்சைட்டைப் பூசி அந்தத் தொல்லையைத் தீர்த்தார்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதில் பலர் விழுகிறார்கள். இணையக் கடைகளில் "அரிக்காத அனோட்டு" என்று விற்கப்படும் பூச்சுத் தைத்தேனிய வலைகள் பெரும்பாலும் பியரின் வழியில் வந்தவை. அவை உப்புநீரில் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் அவை குளோரீன் எடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை. வாங்கிப் போட்டால் உங்கள் அனோட்டு பிழைக்கும், ஒட்சிசனுக்குப் பதிலாகக் குளோரீன் கொட்டும். பரந்தனில் ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பை வைத்து இயங்கிய இரசாயனத் தொழிற்சாலைக்கு அதுதான் தேவைப்பட்டது: எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) குளோரீனும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. பூச்சே இல்லாத வெறும் தைத்தேனியமோ ஒன்றுக்கும் உதவாது. அதன் ஒட்சைட்டுப் படலம் மின்னைக் கடத்தாது, மின்னோட்டம் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். அதைக் கதோட்டாகவும் வைக்காதீர்கள். ஐதரசனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

குளோரீன் ஏன் இவ்வளவு சுலபமாக முந்திக்கொள்கிறது? கணக்குப்படி ஒட்சிசன்தான் முதலில் வர வேண்டும். அமிலக் கரைசலில் நீர் ஒட்சிசனாக 1.23 வோல்ற்றும், குளோரைட்டு குளோரீனாக 1.36 வோல்ற்றும் தேவை. ஆனால் ஒட்சிசன் ஒரு மூலக்கூறு வர நான்கு இலத்திரன்கள் படிப்படியாகக் கழன்றாக வேண்டும், குளோரீனுக்கு இரண்டே போதும். அதனால் ஒட்சிசன் தாக்கம் மந்தமானது; கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து உந்தினால்தான் ஓடும். அந்தக் கூடுதல் 0.13 வோல்ற்றைத் தாண்டியதுமே குளோரீனுக்குக் கதவு திறந்துவிடுகிறது. 12 வோல்ற்றை நேரடியாக மாட்டினால் கதவு என்ன, சுவரே இல்லை. வெப்பக் கணக்கிலும் அது பெரும் நட்டம்: நீரைப் பிரிக்கத் தேவைப்படுவது 1.48 வோல்ற்றுக்குரிய சக்தி, மீதி எல்லாம் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது.

இங்கேதான் காரம் கைகொடுக்கிறது. கரைசலில் எரிசோடாவோ பொற்றாசியம் ஐதரொட்சைட்டோ சேர்த்து பீ.எச். பெறுமானத்தை 14க்குக் கொண்டுபோனால், ஒட்சிசனுக்கு வேண்டிய மின்னழுத்தம் 0.40 வோல்ற்றுக்கு இறங்கிவிடும். குளோரைட்டு அந்தச் சூழலில் ஐப்போகுளோரைற்றாகத்தான் மாற முடியும், அதற்கு 0.89 வோல்ற்று வேண்டும். இடைவெளி ஏறத்தாழ 0.49 வோல்ற்று. அமிலத்தில் இருந்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பெர்லினில் பீற்றர் ஸ்ட்ராசரின் குழு 2016இல் இதையே ஒரு வடிவமைப்பு விதியாக எழுதி வைத்தது: காரத்தில், இந்த இடைவெளிக்குள் வேலையை முடித்துவிடும் ஊக்கியை (தாக்கத்தைச் சுலபமாக்கும் பொருள்) பயன்படுத்தினால் குளோரீன் பக்கத்துத் தாக்கத்துக்கு இடமே இல்லை. அப்படி முடித்துத் தருவது நிக்கலும் இரும்பும் கலந்து, படைபடையாக அடுக்கப்பட்டிருக்கும் ஐதரொட்சைட்டு. விலையுயர்ந்த இரிடியம் தேவையில்லை. நிக்கல் அனோட்டில் துளி இரும்பு சேர்ந்தால் ஒட்சிசன் வெளிவருவது பெரிதும் சுலபமாகிறது என்பதை 1987இலேயே கொறிகன் என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார்.

நடுநிலைக் கடல்நீரிலேயே காரியம் பார்க்க முயன்றவர்களும் உண்டு. 1980இல் பென்னெற் என்பவர் அனோட்டின் மேல் மங்கனீசு ஈரொட்சைட்டைப் பூசினார். குளோரைட்டை உள்ளே விடாமல் ஒட்சிசனை மட்டும் விளைவிக்கும் பூச்சு அது. யப்பானில் ஹஷிமோத்தோவின் குழு அதை மொலிப்டினம் கலந்து வளர்த்தெடுத்தது. அழகான வேலை. ஆனால் நடுநிலை நீரில் அனோட்டை ஒட்டிய இடம் தானாகவே அமிலமாகிவிடும் என்பதால், பள்ளிக்கூட மேசையில் செய்வதற்குக் காரவழிதான் உகந்தது என்பது என் முடிவு.

இனிச் சொல்லப்போவதை நன்றாகக் கவனியுங்கள். பல விளக்கங்களில் இது விடுபட்டுப் போகிறது. குளோரீன் வராமல் தடுத்துவிட்டால் அரிப்பும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறுவேறு. காரத்தில் குளோரீன் வராமல் இருக்கும்போதே, குளோரைட்டு அயன் ஊக்கிப் படைக்குள் ஊடுருவிக் கீழே இருக்கும் நிக்கலை மெல்லத் தின்னும். ஊக்கி மேலே நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். அடியில் தாங்கி நிற்கும் உலோகம் போய்விடும். ஒரு நாள் படை முழுவதும் உரிந்து விழும்.

இதற்குச் சிறந்த விடையைத் தந்தது ஸ்ரான்பர்ட் பல்கலைக்கழகத்தில் ஹொங்ஜி டாயின் குழு, 2019இல். நிக்கல் நுரையின் (நுரைபோல் துளைகள் நிறைந்த நிக்கல்) மேல் முதலில் நிக்கல் சல்பைட்டு, அதன் மேல் நிக்கல்-இரும்புப் படை என்று இரண்டடுக்காக அமைத்தார்கள். மின் ஓடும்போது சல்பைட்டில் உள்ள கந்தகம் ஒட்சியேற்றப்பட்டுச் சல்பேற்று ஆகிறது. அந்தச் சல்பேற்றும் காரத்தில் இருந்து வரும் காபனேற்றும் படைகளுக்குள் தங்கிவிடுகின்றன. இரண்டுமே இரட்டை மறையேற்றம் கொண்டவை. ஒற்றை மறையேற்றக் குளோரைட்டு நெருங்கும்போது விலக்கித் தள்ளுகின்றன. அந்த அனோட்டு காரமாக்கிய கடல்நீரில், சதுர சென்ரிமீற்றருக்கு 0.4 முதல் 1 அம்பியர் வரையான கடும் மின்னோட்டத்தில், 1000 மணித்தியாலங்களுக்கு மேல் தாங்கியது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் கரைசலிலேயே சோடியம் சல்பேற்றைச் சேர்த்து இதே பலனைப் பெற்றார்கள். நேரேற்றம் கொண்ட அனோட்டு இரட்டை மறையேற்றச் சல்பேற்றையே முதலில் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது; குளோரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. பள்ளிக்கூட மட்டத்தில் நீங்கள் செய்யக்கூடியதும் இதுவே.

உங்கள் உப்புக் கரைசலைப் பற்றி ஒரு வார்த்தை. கறியுப்பு மட்டும் கரைத்த நீர் கடல்நீர் ஆகாது. உண்மையான கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டுடன் 2.7 கிராம் சல்பேற்று, 1.3 கிராம் மகனீசியம், 0.4 கிராம் கல்சியம் இருக்கின்றன. கதோட்டை ஒட்டி ஐதரொட்சைட்டு சேரச் சேர, மகனீசியமும் கல்சியமும் வெள்ளைச் சுண்ணாம்புபோல் அதன் மேல் படியும்; ஐதரசன் வரும் இடத்தையே அடைத்துவிடும். உங்கள் பரிசோதனையில் இந்தப் பாதிப் பிரச்சினை வெளிவரவே இல்லை. தோட்டத்தில் தேயிலைக்குத் தெளிக்கும் மகனீசியம் சல்பேற்று, அதுதான் எப்சம் உப்பு, கேட்டால் கிடைக்கும். லீற்றருக்கு 27 கிராம் உப்பும் 7 கிராம் எப்சம் உப்பும் போடுங்கள். கடல்நீரின் குணம் ஓரளவு வந்துவிடும். அதில் எரிசோடாவைச் சேர்க்கும்போது பால்போல வெண்மை திரளும், மகனீசியம் ஐதரொட்சைட்டு. வடிகட்டி எடுத்துவிட்டால் கதோட்டு அடைபடும் தொல்லையும் போய்விடும். காரமாக்குவதில் இந்த இரட்டை நன்மை உண்டு.

நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதும் பெரிய எதிரி. மின் போன கணத்தில் கலத்துக்குள் மின்னோட்டம் எதிர்த்திசையில் கொஞ்ச நேரம் ஓடும். அதுவரை பாதுகாப்பாக இருந்த கதோட்டு அந்நேரம் அனோட்டுபோல ஆகி அரிபடத் தொடங்கும். கரண்ட் வெட்டு வந்தாலோ பரிசோதனை முடிந்தாலோ, மின்வாய்களை, அதாவது அனோட்டையும் கதோட்டையும், உப்புநீரிலேயே ஊறவிடாமல் உடனே எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். இணைப்புக் கிளிப்பும் ஆணியும் நனையவே கூடாது; பல கலங்கள் முதலில் சாவது அந்த மூட்டில்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. பெரிய அளவில் ஐதரசன் எடுப்பதென்றால், குளோரைட்டை மின்வாய் வரை வரவிட்டுப் போராடுவதைவிட வாசலிலேயே நிறுத்துவதுதான் நல்லது. கணக்கு இது: 1 கிலோ ஐதரசனுக்குக் குறைந்தது 9 லீற்றர் தண்ணீர் வேண்டும், மின்சாரம் 50 கிலோவாற்று மணி அளவில். கடல்நீரை எதிர்ப்பிரசாரண முறையில் நன்னீராக்க ஒரு கன மீற்றருக்கு, அதாவது 1000 லீற்றருக்கு, 3 முதல் 4 கிலோவாற்று மணி. அப்படியென்றால் அந்த 9 லீற்றருக்குச் செலவாவது 0.04 கிலோவாற்று மணிகூட இல்லை. மொத்த மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தச் சிறு செலவைத் தவிர்க்க, விலையுயர்ந்த மின்வாய்களைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சீனாவில் ஷியே ஹெபிங்கின் குழு 2022இல் செய்ததும் ஒரு வகையில் இதுவே. கடல்நீருக்கும் அடர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலுக்கும் இடையில் நீரை ஒட்டவிடாத, நுண்துளை கொண்ட தெப்லோன் வகை மென்சவ்வு ஒன்றை வைத்தார்கள். நீர் ஆவியாக மட்டும் துளைகளைக் கடந்து மறுபக்கக் காரத்தில் கரைந்துகொள்ளும்; உப்பு வெளியிலேயே நின்றுவிடும். மின்வாய்கள் குளோரைட்டின் முகத்தையே பார்க்கவில்லை. 3200 மணித்தியாலங்களுக்கு மேல் ஓடியது. நமது நாட்டில் கடல்நீர் ஐதரசன் என்று ஒன்று வந்தால் அது மன்னார்க் கரையில், தம்பபவனி போன்ற காற்றாலைகளின் அருகேதான் வரும். அங்கே இந்த வழியோ நன்னீராக்கும் வழியோ பொருந்தும். நம் மலையிலோ நிலைமையே வேறு. மேல் கொத்மலை அணை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மின்சாரமும் உப்பில்லாத ஓடைநீரும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. செயற்றிட்டத்தின் கடைசிப் பகுதியில் இந்த ஒப்பீட்டைச் சேர்த்தால் நடுவர்கள் கட்டாயம் கவனிப்பார்கள்.

இனிப் பரிசோதனை. தூய நிக்கல் பட்டை இரண்டு தேடுங்கள். இலிதியம் பற்றரி ஒட்டுவதற்கு விற்கிறார்கள். நிக்கல் பூசிய உருக்கும் அதே தோற்றத்தில் வரும். ஆணியால் கீறி ஒரு இரவு உப்புநீரில் போட்டுப் பாருங்கள். கீறலில் துரு வந்தால் அது பூச்சு. மேலே சொன்ன உப்புக் கரைசலில் லீற்றருக்கு 40 கிராம் எரிசோடா, வடிகட்டிய பின், நிக்கலுக்கு வேண்டிய துளி இரும்புக்காக, ஒரு சிட்டிகை பெரசு சல்பேற்று. எரிசோடாவைத் தண்ணீரில்தான் சிறிது சிறிதாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கண்ணாடியும் கையுறையும் இல்லாமல், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு மொடியூல் ஒன்றை இலத்திரனியல் கடையில் வாங்கிக் கலத்தின் இரு முனைகளுக்கு இடையே 2 வோல்ற்றைத் தாண்டாமல் வையுங்கள். ஒரு கலத்தில் சோடியம் சல்பேற்றுச் சேர்த்தும், இன்னொன்றில் சேர்க்காமலும் ஓட்டுங்கள். அனோட்டை முன்னும் பின்னும் உலர்த்தி நிறுங்கள். அனோட்டுப் பக்கக் கரைசலில் சில துளிகளை எடுத்து, வினாகிரியால் அமிலமாக்கி, மாப்பொருள்-அயடைட்டுத் தாளில் விடுங்கள். நீலமானால் ஐப்போகுளோரைற்று உருவாகிறது, மின்னழுத்தத்தைக் குறையுங்கள்.

ஐதரசனின் கனவளவை அளக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பாடப் புத்தகக் கணக்குகள் கடல்மட்ட வளியமுக்கத்துக்கு எழுதப்பட்டவை. தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் 88 கிலோபஸ்கால் அளவுதான். 1 அம்பியர் 1 மணித்தியாலம் ஓடினால் 20 பாகை வெப்பநிலையில் கடல்மட்டத்தில் 0.45 லீற்றர் உலர் ஐதரசன் வரும்; உங்கள் மேசையில் அதே ஐதரசன் 0.52 லீற்றர் இடம் பிடிக்கும். கடல்மட்டக் கணக்கைப் போட்டால் வினைத்திறன் 100க்கு மேல் வந்ததுபோலத் தெரியும். நீரின் மேல் சேகரித்தால் நீராவியின் அமுக்கத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.